உடம்பில் குடியிருக்கும் காளான்

மழைக் காலத்தில் ஊறுகாய் ஜாடியைத் திறந்தால், சில சமயம் மேலே வெள்ளையாகப் பூசணம் பூத்திருக்கும். "ஈரக் கரண்டியைப் போட்டது யார்?" என்று உடனே வீட்டில் விசாரணை ஆரம்பமாகிவிடும். காளான் இனத்தைச் சேர்ந்த அந்தப் பூசணத்தின் வித்து காற்றிலே எப்போதும் இருப்பதுதான். ஈரமே அதற்கு இடம் கொடுத்தது. நமது தேகத்தின் கதையும் ஏறக்குறைய இதுவே.

வெறும் கண்ணுக்குத் தெரியாத 'காண்டிடா' என்னும் காளான், ஆரோக்கியமுள்ள பலருடைய வாயிலும் குடலிலும் வாசம் செய்கிறது. சாதாரணமாக அதனால் தொந்தரவில்லை. உடம்பின் எதிர்ப்புச் சக்தியும், அதே இடத்தில் வாழும் பாக்டீரியாக்களும் அதை அடக்கி வைத்திருக்கின்றன. காவல் தளரும்போதுதான் அபாயம். பச்சைக் குழந்தையின் நாக்கில் தயிர் ஒட்டினாற்போல் வெண்மை படிந்து, துடைத்தாலும் எளிதில் போகாமலிருப்பதைத் தாய்மார்கள் கண்டிருப்பார்கள். அது பெரும்பாலும் காண்டிடாவின் வேலையே.

பாக்டீரியாவைக் கொல்லும் மருந்துகள் காளானை ஒன்றும் செய்வதில்லை. போட்டிக்கு ஆள் இல்லாத வீட்டில் அது தாராளமாகப் பரவுகிறது. அம்மருந்துகள் பரவத் தொடங்கிய காலத்தில், எலிஸபெத் ஹேஸன், ரேச்சல் பிரௌன் என்ற இரு அமெரிக்கப் பெண்மணிகள் இதற்கு மாற்றுத் தேடினார்கள். வர்ஜீனியாவில் ஒரு பண்ணை மண்ணில் கிடைத்த நுண்ணுயிரிலிருந்து மருந்து கண்டு, 1950-ம் வருஷத்தில் வெளியிட்டார்கள். தாங்கள் வேலை பார்த்த நியூயார்க் ராஜ்யத்தின் பெயரையொட்டி அதற்கு 'நிஸ்டாடின்' என்று பெயரிட்டார்கள். அதனால் வந்த பெருந்தொகையைத் தங்களுக்கென்று வைத்துக் கொள்ளாமல் விஞ்ஞான ஆராய்ச்சிக்கே அளித்துவிட்டார்கள்!

உடம்பில் குடியில்லாத காளானும் சமயம் பார்த்து நுழைவதுண்டு. 2021-ல் கொரோனாவின் இரண்டாவது அலையின்போது நம் தேசத்தில் 40,000 பேருக்கு மேல் 'கறுப்புப் பூஞ்சை' நோய் கண்டது. பலர் கண்ணை இழந்தார்கள், உயிரிழந்தவர்களும் அநேகர். மண்ணிலிருந்து காற்றில் கலந்து நாம் நித்தம் சுவாசிக்கும் காளானே அது. ஆனால் அந்நோயாளிகளில் பெரும்பாலோருக்குச் சர்க்கரை வியாதி இருந்தது. எதிர்ப்புச் சக்தியைத் தணிக்கும் ஸ்டீராய்டு மருந்தும் பலருக்குக் கொடுக்கப்பட்டிருந்தது. தக்க சமயத்தில், தக்க அளவில் உயிர் காக்கும் அம்மருந்தே, அளவு மீறினால் காளானுக்குக் கதவைத் திறந்துவிடுகிறது.

ஆகையால், "போன தடவை கேட்டதே!" என்று பழைய சீட்டைக் காட்டி மாத்திரை வாங்கி விழுங்குவது விவேகமன்று. சர்க்கரை வியாதியுள்ளவர்கள் அதைக் கட்டுக்குள் வைத்திருக்க வேண்டும். காளானை உலகத்திலிருந்து ஒழிக்க நம்மால் ஆகாது. கரண்டியை ஈரமில்லாமல் துடைத்துப் போடுவது நம் கையில்தான் இருக்கிறது.