ஈத்தைக்குள் பிறக்கும் தவளை

மழை விழுந்ததும் வயலிலும் குளத்திலும் தவளை கத்துவதைக் கேட்டே வளர்பவர்கள் பாறசாலை, நெய்யாற்றின்கரை எல்லைக் கிராமத்தார். தவளை வாழத் தண்ணீர் இருந்தால் போதும் என்று அவர்கள் நினைப்பதில் வியப்பில்லை. ஆனால் நெய்யாறு பிறக்கும் அகத்தியமலைத் தொடரில், குட்டையையோ ஓடையையோ நாடாமல் இனம் பெருக்கும் தவளை ஒன்று உண்டு. அறிவியல் பெயர் ராவோர்கெஸ்டிஸ் சலசோடிஸ். சுமார் இரண்டரை சென்டிமீட்டர் நீளம். பளிச்சிடும் பச்சை உடல், சாம்பல் நீலத் தொடை, பொன் திட்டுகள் சூழ்ந்த கருவிழி. 1876இல் விலங்கியலாளர் ஆல்பர்ட் குந்தர் இதை விவரித்தபோது, கிடைத்த இடம் திருவிதாங்கூர் என்று மட்டுமே பதிவானது. பிறகு நூறாண்டுக்கு மேல் ஆய்வாளர் கண்ணில் படவில்லை. களக்காடு–முண்டந்துறைப் பகுதியின் மேல் கோதையாற்றில் மீண்டும் கிடைத்த செய்தி 2011இல்தான் வெளியானது.

இது குடும்பம் நடத்துவது மூங்கில் வகையான ஈத்தைக் கழியின் உட்குழலில். பூச்சியோ எலியோ குடைந்த பிளவு கணுவிடையின் அடியில் இருந்தால், ஆண் உடலை நெருக்கி உள்ளே நுழைந்து, அங்கிருந்தே பெண்ணை அழைக்கும். பிளவின் நீளம் பெரும்பாலும் ஒரு சென்டிமீட்டரைத் தாண்டாது. அகலம் அதனினும் குறைவு. பெண் ஐந்து முதல் எட்டு முட்டைகள் இட்டுவிட்டுப் போய்விடும், காவல் தகப்பனுடையது. இரைதேட மட்டும் மாலையில் வெளியே போய்த் திரும்பும். தலைப்பிரட்டைப் பருவமே கிடையாது; முட்டையிலிருந்து நேராகக் குட்டித் தவளை வெளிவரும். ஆய்வாளர்கள் சேஷாத்ரியும் பிக்ஃபோர்டும் 2018இல் வெளியிட்ட ஆய்வில், காவலிருந்த ஆண்களை அகற்றியதும் முட்டைகள் பெருமளவு அழிந்தன. அவற்றைத் தின்றவை பெரும்பாலும் அதே இனத்து வேறு ஆண்கள்.

ஆக, காடு பச்சையாக இருப்பது மட்டும் இத்தவளைக்குப் போதாது. துளைபட்ட ஈத்தையும் மிஞ்ச வேண்டும். ஈத்தை வெட்ட வெட்டத் தழைக்குமே, கூடையும் பாயும் முடைவோர்க்கு அதுதானே பிழைப்பு என்று கேட்கலாம். நியாயமான கேள்வி, கேரள அரசு 1971இல் மூங்கில் கழகம் தொடங்கியதும் அந்தத் தொழிலுக்காகத்தான். ஆனால் புதிதாக முளைக்கும் கழியில் துளை இராது. குடைவதற்குத் தவளைக்கு வழியில்லை. வேறோர் உயிர் வந்து குடையும்வரை அந்தக் கழி அதற்கு அடைத்த கதவு. உறவுத் தவளைகள் பல இலையிலும் மண்ணிலும் முட்டையிடுகின்றனவே, இதுவும் மாறிக்கொள்ளாதா என்றால், அதை நம்பியிருக்க முடியாது. கோழிக்கோட்டுக் கக்கயம் காட்டிலிருந்து 2007இல் விவரிக்கப்பட்ட ராவோர்கெஸ்டிஸ் ஓக்லாண்ட்ரேயும் ஈத்தைக்குள்தான் முட்டையிடுகிறது. இது ஏதோ ஒரு மலையில் தற்செயலாக வந்த பழக்கமல்ல. அதற்காக ஈத்தை வெட்டுவதையே நிறுத்தத் தேவையில்லை. முட்டையிடும் பருவத்தைத் தவிர்த்து வெட்டலாம். ஒவ்வொரு புதரிலும் துளைபட்ட கழிகளை வெட்டாமல் விட்டுவைக்கலாம். முடைவோர் தேடுவது பழுதற்ற கழியை என்பதால், அவர்களுக்கு இதில் இழப்பு அதிகம் இராது.