தாத்தா பெட்டியில் ஒரு ஜெர்மன் பிஸ்டல்

டீயை எடுத்துக்கொள் தம்பி, பொறுமையாகவே சொல்கிறேன். பட்டாளத்துக்குப் போன தாத்தாவின் டிரங்குப் பெட்டியில் ஜெர்மன் பிஸ்டல் ஒன்று கிடைத்தால் என்ன விலை போகும் என்று கேட்டாய். குரும்பலூரில் உட்கார்ந்து கேட்கக்கூடாத கேள்வி இல்லை இது. இரண்டாம் உலகப் போரில் மெட்ராஸ் சாப்பர்ஸ் என்ற ராணுவப் பொறியியல் படையின் கம்பெனிகள் வட ஆப்பிரிக்காவிலும் இத்தாலியிலும் ஜெர்மன் படைக்கு எதிரே நின்றவை. அந்தப் படையைச் சேர்ந்தவரும் செங்கல்பட்டுப் பக்கத்துக் கீழ ஒட்டிவாக்கத்துக்காரருமான சுபேதார் சுப்ரமணியன், 1944 பிப்ரவரி 24 அன்று இத்தாலியின் மின்யானோ அருகே கண்ணிவெடியின் மேல் தானே விழுந்து, கூட இருந்தவர்களைக் காப்பாற்றி உயிர்விட்டார். ஜார்ஜ் கிராஸ் பதக்கம் அவர் போன பிறகு வந்தது. அந்தப் போரில் எந்த நாட்டுச் சிப்பாயும் ஆசைப்பட்டு எடுத்த ஞாபகப் பொருள், எதிரி அதிகாரியின் இடுப்பில் இருந்த பிஸ்டல்தான்.

ஜெர்மன் ராணுவ பிஸ்டல் என்றால் முதலில் இரண்டு பெயர்கள். ஒன்று லூகர். 1908-ல் ஜெர்மன் தரைப்படை ஏற்றுக்கொண்டதால் பி.08 என்றும் சொல்வார்கள். பாகங்கள் ஒவ்வொன்றையும் கடைந்து, ராவிப் பொருத்த வேண்டும், செலவு அதிகம். அதனால் 1938-ல் வால்தர் கம்பெனியின் பி.38-ஐ எடுத்தார்கள். போர் முடிவதற்குள் பி.38 பத்து லட்சத்துக்கு மேல் செய்யப்பட்டது. எனவே ஜெர்மன் பிஸ்டல் என்பதாலேயே அபூர்வம் என்று நினைத்துவிடாதே. எந்தத் தொழிற்சாலை, எந்த வருஷம், எந்த நிலை என்பதில்தான் விலை இருக்கிறது.

போர்க்கால பி.38-ல் பெரும்பாலும் தொழிற்சாலையின் பெயர் இருக்காது. எங்கே செய்கிறார்கள் என்று எதிரிக்குத் தெரியக்கூடாதென்று எழுத்துக் குறி போட்டார்கள். ஏ.சி. என்றால் வால்தர், பி.ஒய்.எஃப். என்றால் மவுசர், சி.ஒய்.க்யூ. என்றால் ஸ்ப்ரேவெர்க். வால்தரும் மவுசரும் குறியோடு வருஷத்தின் கடைசி இரண்டு இலக்கத்தையும் சேர்த்துக் குத்தினார்கள். ஏ.சி. 41 என்றால் 1941-ல் வால்தர் செய்தது. இதோடு ராணுவப் பரிசோதகர் குத்திய குட்டிக் கழுகு முத்திரை, அதன் கீழே ஓர் எண். வால்தரில் 359, மவுசரில் 135, ஸ்ப்ரேவெர்க்கில் 88. குறி ஒரு கம்பெனியையும் கழுகு இன்னொரு கம்பெனியையும் காட்டினால் உடனே சந்தேகப்பட வேண்டும்.

அடுத்து வரிசை எண். பழைய புல்லட் பைக் வாங்கும்போது இஞ்சின் எண், சேசிஸ் எண், ஆர்.சி. புத்தகம் மூன்றையும் ஒத்துப் பார்ப்பாய் அல்லவா, அதே வேலைதான். மேலே நகரும் ஸ்லைடு, கீழே உடம்பான ஃபிரேம், குழல் மூன்றிலும் ஒரே எண் இருக்க வேண்டும். ஒன்று மாறினாலும் சேகரிப்பாளர் கொடுக்கும் விலை பாதிக்கு இறங்கலாம். வேறு பிஸ்டலின் பாகம் உள்ளே ஏறியிருக்கிறது என்று அர்த்தம்.

பலரும் ஏமாறுவது மெருகில்தான். 1940, 41-ல் வந்த வால்தரில் எஃகு கண்ணாடி மாதிரி பளபளத்து, நீலக்கருப்பு ஆழமாக ஏறியிருக்கும். 1944-க்கு வந்தால் கதை வேறு. மேலே குண்டு விழுகிறது, ஆள் இல்லை, நேரம் இல்லை. கடைசல் கருவி ஓடிய கோடுகள் ஸ்லைடின் பக்கவாட்டில் அப்படியே தெரியும். விரலை ஓட்டினால் நெருடும். அது குறை இல்லை, அந்தக் காலத்தின் கையெழுத்து. 44-ஆம் வருஷத்துப் பிஸ்டல் கண்ணாடியாய் மின்னினால் யாரோ பின்னாளில் தேய்த்து மறுபூச்சு போட்டிருக்கிறார்கள். நம் வீடுகளில் பழைய இரும்பைக் கண்டாலே மண்ணெண்ணெயும் உப்புத்தாளும் எடுத்துவிடுவோம். அந்த அரை மணி நேர வேலை எழுபது எண்பது வருஷத்தை அழித்துவிடும், திரும்ப வராது.

இன்னும் சில இடங்களில் கவனம் வேண்டும். சோவியத் படை கைப்பற்றிய பிஸ்டல்களைக் கழற்றிக் கலந்து, மறுபூச்சு போட்டு அடுக்கினார்கள். பலவற்றில் எக்ஸ் மாதிரி ஒரு குறி இருக்கும். மவுசர் தொழிற்சாலை பிரெஞ்சுக்காரர் கைக்குப் போன பிறகும் 1946 வரை அங்கே பி.38 வந்தது. 1950-களில் மேற்கு ஜெர்மன் ராணுவத்துக்காக அலுமினிய ஃபிரேமுடன் திரும்பச் செய்ததற்கு பி.1 என்று பெயர். தூரத்தில் பார்த்தால் எல்லாம் ஒன்றுபோலத்தான் தெரியும்.

இரும்பைவிட எனக்கு முக்கியமாகப்படுவது காகிதம். காந்தியடிகளைச் சுட்ட பிஸ்டலை எடுத்துக்கொள். அது இத்தாலிய ராணுவ மாடல், பெரெட்டா 1934. குவாலியரில் கைமாறி டெல்லிக்கு வந்தது. அதன் எண் 606824. இத்தாலியில் செய்த பிஸ்டல் குவாலியருக்கு எப்படி வந்தது என்று ஆராய்கிறவர்கள் இன்றும் அந்த எண்ணைப் பிடித்துக்கொண்டுதான் போகிறார்கள். யார், எங்கே, எப்போது எடுத்தார் என்று அன்றைக்கே எழுதிய ஒரு தாள் கூட இருந்தால் சாதாரணப் பிஸ்டலும் வரலாறாகிவிடும். வாய்வார்த்தைக்கு மட்டும் காசு கொடுக்கக்கூடாது.

இதெல்லாம் அமெரிக்காவில் விற்கும் விலைக்கான கணக்கு. நம் ஊரில் கணக்கு வேறு. லூகரும் பி.38-ம் சுடுவது 9 மில்லிமீட்டர் ராணுவத் தோட்டா. 1959-ஆம் வருஷ ஆயுதச் சட்டத்தின்படி அது தடை செய்யப்பட்ட ரகம். கலெக்டர் லைசென்ஸ் கொடுக்க முடியாது. மத்திய உள்துறை அமைச்சகம்தான் முடிவு செய்யும். அதே வால்தரின் பி.பி.கே. பிஸ்டல் 7.65 மில்லிமீட்டரில், அதாவது .32-ல் இருந்தால் லைசென்ஸ் உள்ளவர் வாங்கலாம். 1980-களின் நடுவிலிருந்து தனியாருக்கு வெளிநாட்டுத் துப்பாக்கி இறக்குமதி ஏறக்குறைய நின்றுபோனதால் அதற்கு இங்கே லட்சங்களில் விலை. வரலாறு கனமான பி.38-க்கு இங்கே விலையே கிடையாது. பழசு என்று சொல்லியும் தப்ப முடியாது. ரிப்பேர் செய்தாலும் சுடவே முடியாது என்ற நிலையில் உள்ள பழம்பொருளுக்குத்தான் சட்டத்தின் 45-ஆம் பிரிவு விலக்குத் தருகிறது. எண்ணெய்த் துணியில் சுற்றி வைத்த பிஸ்டல் அந்தக் கணக்கில் வராது. 2019 திருத்தத்துக்குப் பிறகு, தடை செய்யப்பட்ட ஆயுதத்தை அனுமதியின்றி வைத்திருந்தால் ஏழு முதல் பதினான்கு வருஷம் வரை சிறை.

ஆகவே, பெட்டியில் அப்படி ஏதாவது இருந்தால் தொடாதே. உள்ளே தோட்டா இருப்பதாகவே நினைத்துக்கொள். பையில் போட்டுக்கொண்டு பெரம்பலூருக்கு பஸ் ஏறாதே. தெரிந்த வக்கீலிடம் பேசிவிட்டு, காவல் நிலையத்துக்குத் தகவல் சொல். அவர்கள் வந்து எடுத்துக்கொண்டு ரசீது தரட்டும், அதில் வரிசை எண்ணை எழுதச் சொல்லி வாங்கிக்கொள். பெட்டியில் தாத்தாவின் டிஸ்சார்ஜ் புத்தகமும் பதக்கங்களும் இருக்கும். அவற்றை வைத்துக்கொள்ள எந்த லைசென்ஸும் வேண்டாம். அவர் எந்தக் கம்பெனியில் இருந்தார், எந்தக் கப்பலில் எங்கே போனார் என்று வீட்டில் மூத்தவர்களைக் கேட்டு இந்த வாரமே எழுதி வை.