வீட்டு வடிகால் அடைத்துக்கொண்டால்



வயலிலே வடிகால் அடைத்துக்கொண்டால் நமக்குப் பார்த்தவுடனே தெரிந்துவிடும். மேலே தண்ணீர் தேங்கி நிற்கும், கீழே காய்ந்து கிடக்கும். மண்வெட்டியோடு நேராக இரண்டுக்கும் நடுவிலே போய் நிற்போம். வீட்டு வடிகாலுக்கும் இதே கணக்குத்தான். கழிவறை, குளியலறை, பாத்திரம் தேய்க்கிற இடம் ஆகியவற்றிலிருந்து வருகிற கிளைக் குழாய்கள் ஒரு பெரிய குழாயிலே சேர்ந்து, சேம்பர் என்கிற சிறு தொட்டிகள் வழியாக செப்டிக் டேங்குக்குப் போகின்றன.

குளியலறையில் மட்டும் தண்ணீர் தேங்கினால் அடைப்பு அந்தக் கிளையிலேதான். மூடி போட்ட ஜல்லடையை எடுத்து முடியையும் சோப்புக் கட்டியையும் வாரி எறிந்தால் போதும். ஆனால் பாத்திரம் கழுவின தண்ணீர் கழிவறைப் பீங்கானிலே ஏறுகிறது, தண்ணீர் ஊற்றினால் குளியலறையில் 'குளுகுளு'வென்று சத்தம் வருகிறது, எங்கே ஊற்றினாலும் வீட்டிலேயே தாழ்வான இடத்தில்தான் பொங்குகிறது என்றால், பெரிய குழாய் அடைத்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் வேலையாக வீட்டில் எல்லாரையும் தண்ணீர் விடுவதை நிறுத்தச் சொல்லுங்கள். "இன்னும் ரெண்டு குடம் ஊத்திப் பார்ப்போம்" என்பது காரியத்தைக் கெடுத்துவிடும்.

பிறகு சேம்பர் மூடிகளை ஒவ்வொன்றாகத் திறந்து பாருங்கள். முதல் சேம்பரே காய்ந்திருந்தால் அடைப்பு வீட்டுக்கும் அதற்கும் நடுவிலே. ஒன்று நிறைந்து, அடுத்தது காலியாக இருந்தால் இரண்டுக்கும் இடையிலே. எல்லாமே நிறைந்திருந்தால் கோளாறு டேங்குப் பக்கம்.

குழாயில் அடைப்பு என்றால் நீளமான மூங்கில் பிளாச்சு போதும். காலியாக இருக்கிற சேம்பர் பக்கமிருந்து, மேலே நின்றபடியே, மேல்நோக்கி விட்டு விட்டுக் குத்துங்கள். உடைத்துக்கொண்டு வரும்போது வேகமாக வரும், முகத்தை நீட்டாதீர்கள். கடப்பாரை, இரும்புக் கம்பி வேண்டாம். பிளாஸ்டிக் குழாயின் வளைவு உடைந்துபோகும். ஆசிட் ஊற்றுவதும் வீண் வேலை. தேங்கின தண்ணீரில் அது அடைப்பு வரைக்கும் போய்ச் சேராது. சேர்ந்தால் டேங்கிலே கழிவை மக்க வைக்கிற நுண்ணுயிர்களைக் கொல்லும். ஆசிட்டோடு பிளீச்சிங் பவுடரும் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பி நெஞ்சை அடைக்கும். வேலை முடிந்ததும் கைகால்களைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

இனி டேங்கு. மூடியைத் திறந்து பார்த்துவிட்டு, "ரொம்பிப் போச்சு" என்று பலர் பதறுகிறார்கள். டேங்கில் தண்ணீர் எப்போதும் வெளியேறும் குழாய் மட்டத்துக்கு நின்றுகொண்டுதான் இருக்கும். உள்ளே வருகிற குழாயையும் மூழ்கடித்து நின்றால்தான் கோளாறு. அடியில் சேறு மிகுந்திருக்கலாம், அல்லது உறிஞ்சு குழி தண்ணீர் இழுக்காமல் இருக்கலாம். ஐப்பசி, கார்த்திகை அடைமழையிலே நிலத்தடி நீர் மேலே வந்துவிட்டால் எந்த உறிஞ்சு குழியும் இழுக்காது. அப்போது லாரி வைத்து உறிஞ்சி எடுத்தாலும் சீக்கிரமே பழையபடி ஆகிவிடும். தண்ணீர்ச் செலவைக் குறைத்துக்கொண்டு மழை விடும்வரை பொறுப்பதுதான் வழி.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. டேங்குக்குள்ளே யாரும் இறங்கக் கூடாது, யாரையும் இறக்கவும் கூடாது. கிணற்றில் இறங்குமுன் அரிக்கேன் விளக்கைக் கயிற்றிலே இறக்கிப் பார்ப்பது நம்மிடம் உள்ள பழக்கம். அந்தச் சோதனை இங்கே செல்லாது. டேங்கிலே மீத்தேன் என்ற எரிவாயு இருக்கும், நெருப்புப் பட்டால் வெடிக்கும். ஹைட்ரஜன் சல்ஃபைடு என்று இன்னொன்று. கொஞ்சமாக இருந்தால் அழுகின முட்டை நாற்றம் அடிக்கும்; அதிகமானால் மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாது. "நாத்தம் விட்டுடுச்சு, இறங்கலாம்" என்று தோன்றுகிற நேரம்தான் ஆபத்தான நேரம். விளக்கு எரிகிற காற்றிலேயே ஆளைச் சாய்த்துவிடும். மூடியைத் திறந்து ஒருநாள் போட்டாலும், சேற்றைக் கலக்கினவுடன் அடியிலிருந்து வாயு மறுபடி கிளம்பும். ஒருவர் மயங்கி விழுந்தால் தூக்கப் போகிறவரும் விழுகிறார். அண்ணன் தம்பி, அப்பா மகன் என்று சேர்ந்தே போன குடும்பங்கள் உண்டு. அப்படி நேர்ந்தால் பின்னாலேயே குதிக்காதீர்கள். 101க்குத் தீயணைப்பையும் 108க்கு ஆம்புலன்ஸையும் கூப்பிடுங்கள்.

கூலிக்கு ஆள் வைத்தால் நமக்குப் பொறுப்பில்லை என்று நினைக்கவும் வேண்டாம். 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி, பாதுகாப்புக் கவசம் இல்லாமல் டேங்கைச் சுத்தம் செய்ய ஆளை இறக்குவது குற்றம். முதல் தடவைக்கே 2 ஆண்டு வரை சிறை, 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். உறிஞ்சும் லாரிக்குச் சொல்லுங்கள். 2, 3 ஆண்டுக்கு ஒருமுறை எடுத்துவிட்டால் இந்தத் தொல்லை பெரும்பாலும் வராது. எடுத்த சேற்றைத் தோட்டத்தில் கொட்டச் சொல்கிறவர்களும் இருக்கிறார்கள். அதில் குடற்புழு முட்டைகள் உயிரோடிருக்கும், கீரை காய்கறிக்கு ஆகாது.

இரட்டைக் குழிக் கழிவறை வைத்திருப்பவர்களுக்கு லாரி தேவையில்லை. ஒரு குழி நிறைந்ததும் பிரிவுத் தொட்டியில் வழியை அடுத்த குழிக்கு மாற்றிவிடுங்கள். நிறைந்த குழியை 2 ஆண்டு மூடியே வைத்தால் நாற்றமில்லாத உரமாகிவிடும்.

அடைப்புக்குக் காரணம் பெரும்பாலும் அடுப்படிச் சாம்பல், தேங்காய் நார், சோற்றுப் பருக்கை, துணி, நாப்கின், பாலித்தீன் பை இவைதான். பழைய மண்குழாய் என்றால் இணைப்புகளில் மர வேர் புகுந்துவிடும். புதிதாகக் குழாய் போடுகிறவர்கள் 4 அங்குலக் குழாய்க்கு 40 அடிக்கு 1 அடி வாட்டம் வைக்கச் சொல்லி, மண் மூடுமுன் நீங்களே ரசமட்டம் வைத்துப் பாருங்கள். பாத்திரம் கழுவின தண்ணீரைக் கழிவறைக் குழாயில் சேர்க்காமல் கொல்லையில் நாலு வாழைக்குத் திருப்பிவிட்டால் டேங்குக்குப் பாரமும் குறையும்.