பால்மரத்தடியில் ஒரு வரலாற்றுப் பாடம்

இடைநிலைப் பள்ளியில் பயிலும் நம் பிள்ளைகளிடம், எந்தப் பாடம் கசக்கிறது என்று கேட்டால், பலர் தயங்காது சொல்லும் விடை வரலாறு என்பதே. ஆண்டுகளையும் பெயர்களையும் நெட்டுருச் செய்து, தேர்வு முடிந்த மறுநாளே மறந்துவிடும் பாடமாக அது அவர்களுக்குத் தோன்றுகிறது. ஆனால் இப்பாடத்தை ஒதுக்கிவிடும் உரிமை எந்த மாணவருக்கும் இல்லை. எஸ்.பி.எம். தேர்வில் மலாய்மொழியோடு வரலாற்றிலும் தேர்ச்சி பெற்றால்தான் சான்றிதழ் கிடைக்கும் என்னும் விதி 2013ஆம் ஆண்டு முதல் நடப்பில் உள்ளது. கணிதத்திலும் அறிவியலிலும் சிறந்து விளங்கும் பிள்ளைகூட, வரலாற்றில் தவறினால் சான்றிதழின்றி நிற்க நேரிடும்.

இதனைக் கருத்திற்கொண்டு, வரலாற்றுப் பாடத்தைச் சுவையும் பயனும் உடையதாக அமைப்பது எங்ஙனம் என்பதை இக்கட்டுரை விளக்க முற்படுகிறது. தோட்டங்களில் மாலை வகுப்பு நடத்தும் இளைஞர்களுக்கும், பிள்ளைகளின் கல்வியில் அக்கறை கொண்ட பெற்றோருக்கும் இது பயன்படும். பள்ளிப்படிப்பு குறைந்த பெற்றோர், இதில் தமக்கு வேலையில்லை என்று எண்ணிவிடலாகாது. உளி பிடித்த கைகளுக்கும் இப்பாடத்தில் பெரும்பங்கு உண்டு என்பதைப் பின்வரும் பகுதிகள் காட்டும்.

பாடத்தின் உயிர் ஒரு கேள்வி

வரலாறு என்பது நடந்தவற்றின் பட்டியலன்று. எஞ்சியுள்ள சான்றுகளைக் கொண்டு, என்ன நடந்தது, ஏன் நடந்தது, அதனால் யார் எவ்வாறு பாதிக்கப்பட்டனர் என்று ஆராய்ந்து முடிவு காண்பதே வரலாறு. ஆதலால், நல்ல பாடம் விடையிலிருந்து தொடங்குவதில்லை, கேள்வியிலிருந்து தொடங்குகிறது.

“மலாயாவில் இரப்பர் தொழிலின் வளர்ச்சி” என்று கரும்பலகையில் எழுதினால், மாணவர் கொட்டாவி விடுவர். “பிரேசில் நாட்டு மரம் நம் வீட்டு வாசலுக்கு வந்தது எப்படி? அது திருடிக் கொண்டுவரப்பட்டதா?” என்று கேட்டுப் பாருங்கள். வகுப்பு நிமிர்ந்து உட்காரும்.

இக்கேள்விக்குரிய செய்திகள் வருமாறு: 1876இல் ஹென்றி விக்கம் என்னும் ஆங்கிலேயர் பிரேசிலிலிருந்து ஏறத்தாழ 70,000 இரப்பர் விதைகளை இலண்டனை அடுத்த கியூ தாவரவியல் தோட்டத்திற்குக் கொண்டு சேர்த்தார். அவற்றுள் முளைத்தவை மூவாயிரத்திற்கும் குறைவே. கன்றுகளில் பெரும்பாலானவை இலங்கைக்கு அனுப்பப்பட்டன. 1877இல் 22 கன்றுகள் சிங்கப்பூரை அடைந்தன. அவற்றுள் ஒன்பது பேராக் மாநிலத்துக் கோலகங்சாரில் நடப்பட்டன. அவற்றில் ஒன்று எனக் கருதப்படும் மூத்த மரம் அவ்வூரில் மாவட்ட அலுவலகத்திற்கு அருகே பாதுகாக்கப்பட்டு வருகிறது.

விக்கம் விதைகளைக் கடத்தினார் என்று கூறுவோர் பலர். ஆனால் இரப்பர் விதை ஏற்றுமதியைத் தடைசெய்யும் சட்டம் அக்காலத்தில் பிரேசிலில் இல்லை. அவ்வாறாயின் அது திருட்டா, இல்லையா? சட்டப்படி குற்றமில்லாத செயல் நியாயமான செயலாகிவிடுமா? பிற்காலத்தில் உலகச் சந்தையில் பிரேசில் தன் முதலிடத்தை இழந்ததை எவ்வாறு மதிப்பிடுவது? மாணவர் இருபுறமும் நின்று வாதிடலாம். வாதிட்ட செய்தி மறப்பதில்லை.

கண்முன்னே உள்ள சான்றுகள்

முதலாம் படிவத்தின் தொடக்கத்திலேயே, வரலாற்றுச் சான்றுகள் இருவகைப்படும் என்று மாணவர் கற்கின்றனர். நிகழ்ச்சி நடந்த காலத்திலேயே தோன்றிய கடிதம், பதிவேடு, கருவி, நிழற்படம் முதலியனவும், நேரில் கண்டோர் வாய்மொழியும் முதல்நிலைச் சான்றுகள். அவற்றை ஆராய்ந்து பின்னர் எழுதப்பட்ட நூல்கள் இரண்டாம் நிலைச் சான்றுகள். இவ்வேறுபாட்டைப் புத்தகத்தில் படித்து மனப்பாடம் செய்வதைவிட, கையில் தொட்டுப் பார்த்து உணர்வது சிறப்பு.

தோட்டத்துக் குடும்பங்களில் முதல்நிலைச் சான்றுகளுக்குக் குறைவில்லை. பாட்டன் கப்பலில் கொண்டுவந்த தகரப்பெட்டி, பழைய சம்பளச்சீட்டு, சிவப்பு அடையாள அட்டை, குடியுரிமைப் பத்திரம், தோட்டப் பள்ளியின் மதிப்பெண் அட்டை, திருவிழா நிழற்படம், தேய்ந்த உளி ஆகிய ஒவ்வொன்றும் ஒரு சான்றே. சிவப்பு அட்டை ஒன்றை வகுப்பின் நடுவே வைத்து, “இதன் நிறம் ஏன் சிவப்பு? இதை வைத்திருந்தவர் எதை இழந்தார்?” என்று கேட்டால், குடியுரிமை பற்றிய முழுப்பாடமும் அதிலிருந்து விரியும். குடியுரிமை இல்லாதோர் வேலை செய்ய உரிமம் பெறவேண்டும் என்ற 1968ஆம் ஆண்டுச் சட்டத்தால், நெடுங்காலம் இங்கு உழைத்த பலர் நாட்டைவிட்டு நீங்க நேர்ந்ததும் அப்பாடத்தில் இடம்பெறும்.

உளிக்கும் ஒரு வரலாறு உண்டு. தொடக்கத்தில் மரத்தைத் தாறுமாறாக வெட்டிப் பாலெடுத்ததால் மரங்கள் கெட்டன. 1888இல் சிங்கப்பூர்த் தாவரவியல் தோட்டத்தின் பொறுப்பேற்ற எச்.என்.ரிட்லி, மரத்தின் உள்ளுறுப்பைக் காயப்படுத்தாமல் பட்டையை மட்டும் மெல்லச் சீவி, அதே வெட்டை மீண்டும் மீண்டும் புதுப்பிக்கும் முறையை உருவாக்கினார். பட்டை மீண்டும் வளர்ந்தது. ஒரே மரம் பல்லாண்டுகள் பால் தந்தது. வெட்டு ஏன் இடப்புறம் உயர்ந்து வலப்புறம் தாழ்கிறது, விடியற்காலையில் ஏன் பால் மிகுதியாக வடிகிறது என்பனவற்றை விளக்கத் தாய்தந்தையரைவிடத் தகுந்த ஆசிரியர் வேறு எவர்? பால்வெட்டுத் தொழிலாளி ஒருவரை வகுப்பிற்கு அழைத்துப் பத்து நிமிடம் பேசச் செய்தால், பிள்ளைகள் பாடத்தை மட்டுமன்றிப் பெற்றோரின் தொழில்திறனையும் மதிக்கக் கற்பர்.

பத்து முழக் கயிறு

ஆண்டுகளை மனத்தில் நிறுத்தக் கயிறு ஒன்று போதும். பத்து முழக் கயிற்றை எடுத்துக்கொள்க. ஒரு முழம் பத்து ஆண்டு எனக் கொண்டு, 1870 முதல் 1970 வரை முழத்திற்கு ஒரு முடிச்சு இடுக. சிறு அட்டைகளில் நிகழ்ச்சிகளை எழுதி உரிய இடத்தில் மாணவரைக் கட்டச் சொல்லுக.

1876, விதைகள் கியூவை அடைந்தன. 1896, மலாக்காவில் டான் சே யான் வணிக நோக்கில் இரப்பர் பயிரிட்டார். 1910, இந்தியத் தொழிலாளரை ஒப்பந்தத்தால் பிணைக்கும் முறை முடிவுக்கு வந்தது. 1923, பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப்பேர் இருந்தால் தோட்டத்தில் பள்ளி அமைக்கத் தொழிற்சட்டம் வகை செய்தது. 1938, உதவிப்பணத்தில் தொழிலாளர் மலாயா செல்வதை இந்திய அரசு தடைசெய்தது. 1941 டிசம்பர், ஜப்பானியப் படை கோத்தாபாருவில் இறங்கியது. 1948 முதல் 1960 வரை அவசரகாலம். 1954, தோட்டத் தொழிலாளர் தேசிய சங்கத்தின் தோற்றம். 1957, விடுதலை. 1963, மலேசியா மலர்ந்தது.

கயிறு நிறைந்ததும் ஆசிரியர் ஒன்றைச் சுட்டிக்காட்டலாம். ஜப்பானியர் ஆட்சிக்குக் கயிற்றில் கிடைத்த இடம் ஒரு சாண்கூட இல்லை. ஆயினும் முதியோரின் பேச்சில் அந்த மூன்றரை ஆண்டுகளே மிகுதியான இடத்தைப் பிடித்தன. ஏன்? சயாம்–பர்மா இரயில் பாதை 415 கிலோமீட்டர் நீளமுடையது. 1942, 1943ஆம் ஆண்டுகளில் அமைக்கப்பட்டது. மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுசெல்லப்பட்ட தமிழர் உள்ளிட்ட பல்லாயிரம் ஆசியத் தொழிலாளர்கள் அங்கே நோயாலும் பசியாலும் மாண்டனர். காலத்தின் நீளம் வேறு, அதன் கனம் வேறு என்பதை மாணவர் அக்கயிற்றைப் பார்த்தே உணர்வர்.

காரணமும் விளைவும்

தேர்வில் “எப்போது” என்னும் கேள்வியைவிட “ஏன்”, “அதனால் என்ன” என்னும் கேள்விகளுக்கே மதிப்பு அதிகம். உயர்நிலைச் சிந்தனைக் கேள்விகள் எனப்படுபவை இவற்றையே நாடுகின்றன.

நம் முன்னோர் ஏன் வந்தனர் என்பதை எடுத்துக்கொள்வோம். மாணவர் கரும்பலகையின் ஒருபுறம் ஊரிலிருந்து தள்ளிய காரணங்களையும், மறுபுறம் இங்கே இழுத்த காரணங்களையும் எழுதட்டும். வறட்சி, கடன், நிலமின்மை, சாதிக்கொடுமை ஆகியன தள்ளின. மோட்டார் வண்டிகள் பெருகியதால் டயருக்கு இரப்பர் வேண்டியிருந்தது. 1910இல் இலண்டன் சந்தையில் ஒரு இராத்தல் இரப்பரின் விலை பன்னிரண்டு சில்லிங்கைத் தாண்டியது. புதிய தோட்டங்கள் திறக்கப்பட்டன, ஆள் தேவைப்பட்டது. கங்காணி தம் ஊருக்கே சென்று உறவினரையும் அண்டை வீட்டாரையும் அழைத்துவந்தார். 1907இல் முதலாளிகளின் பங்களிப்பில் அமைந்த தமிழர் குடியேற்ற நிதி கப்பற்செலவை ஏற்றது.

அடுத்து, கதையைத் திருப்பிக் கேட்க வேண்டும். 1932இல் அதே இரப்பர் மூன்று பென்சுக்கும் கீழே வீழ்ந்தபோது என்ன நேர்ந்தது? ஊதியம் குறைந்தது, வேலையிழந்த ஆயிரக்கணக்கானோர் கப்பலேற்றித் திருப்பி அனுப்பப்பட்டனர். உலகச் சந்தையின் விலைக்கும் நம் வீட்டு அடுப்புக்கும் உள்ள தொடர்பு இதனால் விளங்கும்.

தமிழில் இவ்வாறு சிந்தித்துத் தெளிந்தபின், தேர்வுக்குரிய மலாய்ச் சொற்களையும் உடன் கற்பிக்க வேண்டும். காரணம் என்பது “செபாப்”. விளைவு என்பது “கெசான்”. முதல்நிலைச் சான்று என்பது “சும்பர் பெர்த்தாமா”. பொருள் விளங்கிய பிள்ளைக்குச் சொல் சுமையாகாது. பொருள் விளங்காமல் மலாய் வாக்கியங்களை மனப்பாடம் செய்யும் பிள்ளையோ, கேள்வி சற்று மாறினாலும் தடுமாறிவிடும்.

பெரியோரிடம் கேட்கும் முறை

தோட்டத்து முதியோரை நாடிச் செல்வது இப்பாடத்தின் சிறந்த பகுதி. ஆனால் “தாத்தா, உங்கள் கதையைச் சொல்லுங்கள்” என்று பொதுவாகக் கேட்டால், “என்ன சொல்வது, கஷ்டப்பட்டோம்” என்னும் ஒரே விடைதான் கிடைக்கும். கேள்வி குறிப்பாக இருத்தல் வேண்டும். பெரட்டு எத்தனை மணிக்கு? பால் வாளிகளைக் காண்டாவில் எவ்வளவு தூரம் சுமந்தீர்கள்? மழை நாளில் சம்பளம் உண்டா? பிள்ளைக் கொட்டகையில் யார் பார்த்துக்கொண்டார்? பள்ளியில் எந்த வகுப்போடு நின்றீர்கள், ஏன்? இவ்வாறு கேட்டால் விடைகள் ஊற்றெடுக்கும். பாட்டிமாரையும் தவறாது கேட்டல் வேண்டும். விடியுமுன் எழுந்து சமைத்து, பால்வெட்டி, மீண்டும் வீட்டுவேலை பார்த்த பெண்களின் நாள் புத்தகங்களில் அரிதாகவே இடம்பெறுகிறது.

முதியோருக்கு ஆண்டு நினைவில்லாதிருக்கலாம். அப்போது “விடுதலைக்கு முன்னா, பின்னா? மூத்த பிள்ளை பிறந்த பிறகா?” என்று தெரிந்த நிகழ்ச்சியோடு பொருத்திக் கேட்டால் காலம் துலங்கும். இருவர் கூற்று மாறுபட்டால், யார் சொன்னது சரி என்று சண்டையிடாமல் இரண்டையும் எழுதிக்கொண்டு, பழைய பதிவேடு அல்லது நூலோடு ஒப்பிட வேண்டும். துயரமான நினைவைத் தொடும்போது, அவர் பேச விரும்பாவிடில் வற்புறுத்தலாகாது.

இப்பணியைத் தள்ளிப்போட இடமில்லை. பல இரப்பர்த் தோட்டங்கள் செம்பனைக்கு மாறிவிட்டன. பல தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாகிவிட்டன. லயங்கள் இடிக்கப்படும்போது பெட்டிகளும் பத்திரங்களும் குப்பைக்குப் போகின்றன. விடுதலை நாளைக் கண்ணால் கண்டவர்கள் இன்று எழுபதைக் கடந்துவிட்டனர். அவர்களோடு மறையும் செய்தியை எந்த நூலகத்திலும் பின்னர்த் தேடிப் பெற இயலாது.

ஒரு மணி நேரப் பாடம்

மாலை வகுப்பு நடத்துவோர் நேரத்தைப் பின்வருமாறு பகுத்துக்கொள்ளலாம்.

முதல் ஐந்து நிமிடம்: ஒரு பொருளைக் காட்டி, ஒரு கேள்வியை எழுதுதல்.

அடுத்த பதினைந்து நிமிடம்: ஒன்றுக்கொன்று மாறுபட்ட இரு சான்றுகளை மாணவர் குழுவாக ஆராய்தல். இரண்டிற்கு மேல் கொடுத்தால் குழப்பமே மிஞ்சும்.

பின்னர்ப் பதினைந்து நிமிடம்: நிகழ்ச்சியைக் கயிற்றில் பொருத்தி, காரணமும் விளைவும் பிரித்தெழுதுதல்.

மேலும் பதினைந்து நிமிடம்: இரு அணிகளாக வாதிடுதல். வகுப்பில் வாய் திறவாத பிள்ளைக்கு முதல் வாய்ப்பு அளித்தல் நன்று.

இறுதிப் பத்து நிமிடம்: தொடக்கக் கேள்விக்கு ஒவ்வொருவரும் ஐந்து வரியில், தேர்வு மொழியில் விடை எழுதுதல். இப்பகுதியை விட்டுவிடலாகாது. பேசி மகிழ்ந்தது தேர்வுத்தாளில் வந்து நிற்பது இதனாலேயே.

பெற்றோர் செய்யத்தக்கவை

பழைய பத்திரங்களை ஈரம் படாமல் உறையிலிட்டு வையுங்கள். நிழற்படத்தின் பின்புறம் ஆண்டையும் இருப்போர் பெயரையும் மென்மையாகப் பென்சிலால் எழுதிவையுங்கள். பிள்ளை கேள்வியோடு வரும்போது “அதெல்லாம் உனக்கெதற்கு?” என்று விரட்டாமல் பக்கத்தில் அமர்த்திச் சொல்லுங்கள். இரவு உணவின்போது, “இன்று வரலாற்றில் என்ன படித்தாய்? அது ஏன் நடந்தது?” என்று ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். விடை சரியா என்று உங்களுக்குத் தெரியவேண்டிய கட்டாயமில்லை. காரணத்தை எடுத்துச் சொல்லும் பழக்கம் பிள்ளைக்கு வந்தாலே பாதிக்கிணறு தாண்டியாயிற்று.

இந்நாட்டின் வரலாறு அரசர்களாலும் ஆளுநர்களாலும் மட்டும் ஆனதன்று. காட்டை அழித்துக் கன்று நட்டவர்களும், இருட்டில் விளக்கேந்தி நிரை நிரையாகப் பால்வெட்டியவர்களும் அதில் அடங்குவர். தன் பாட்டனும் அவ்வரலாற்றில் ஒருவர் என்று கண்டுகொண்ட மாணவன், ஏனைய பக்கங்களையும் ஆவலோடு புரட்டுவான். அந்த ஆவலைத் தூண்டுவது நம் அனைவருடைய கடமையாகும்.