மலைப்பாதையில் மங்கும் கண்ணாடி

1,868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவை நோக்கி இறம்பொடை வளைவுகளில் ஏறுகையில், வண்டிக் கண்ணாடியின் உட்புறத்தைக் கைக்குட்டையால் துடைத்துத் துடைத்துச் சலித்தோர் நம்முட் பலர். மூச்சிலுள்ள நீராவி குளிர்ந்த கண்ணாடியிற் பட்டு நுண்டுளிகளாகின்றது. கண்ணாடியைச் சிறிது சூடாக்கினால் அது படியாது. பின்கண்ணாடியில் வெள்ளிப் பசையால் அச்சிட்ட கோடுகளில் மின்சாரம் பாய்ச்சினாற் போதும்.

முன்கண்ணாடியின் கதை வேறு. அங்கே இரு தகடுகளுக்கிடையே கண்ணுக்குப் புலனாகாத வெள்ளிப் படலமொன்றை இட்டுச் சூடாக்குவதுண்டு. அப்படலமோ அகச்சிவப்புக் கதிரைத் திருப்பிவிடும். மழையை அறியும் உணர்கருவி அக்கதிரைக் கொண்டே இயங்குவது! ஆதலால் அக்கருவிக்கும், பாதையை நோக்கிச் சாரதியை எச்சரிக்கும் கமெராவுக்கும் முன்னால் படலத்தை நீக்கிவிடுகின்றனர். நீக்கிய இடம் சூடேறாமையால், பள்ளம் அருகே கிடக்கும் ஹற்றன் பாதையிலே வண்டியின் கண்தான் முதலில் மங்கும். அவ்விடத்துக்கெனத் தனியே நுண்கம்பிகளை இடுதல் வேண்டும். கம்பி பருத்தாற் கமெராவிற் படம் சிதையும். படம் சிதையாமற் சூடும் குன்றாமல் அமைப்பதே இதனை வகுப்போர் படும் பாடு.