பிள்ளையின் உரிமை



சேர்வராயன் மலையில், ஏற்காட்டைச் சார்ந்த கொட்டச்சேட்டில் வாழ்பவன் நான். தலைமையாசிரியனாகப் பணியாற்றிய காலத்தில், ஒரு ஜூன் மாதக் காலையில், காப்பித் தோட்டத்தில் கூலி வேலை செய்யும் தாய் ஒருத்தி தன் மகனைப் பள்ளியில் சேர்க்க வந்தாள். தகப்பனார் பெயரைக் கேட்டேன். தம் பிள்ளை அன்று என மறுத்துவிட்டு அவர் மலையை விட்டு இறங்கிவிட்டதாகக் கூறித் தலை கவிழ்ந்தாள். நான் ஆறுதல் சொன்னேன், பையனையும் சேர்த்துக்கொண்டேன். ஆயினும், அவளுக்குச் சொல்லியிருக்க வேண்டிய ஒன்றைச் சொல்லவில்லை. அன்று எனக்கே அது தெரியாது. அக்குறையை ஓரளவேனும் தீர்க்கவே இன்று பேசுகின்றேன்.

வசதியுள்ள தந்தை, தன்னைத் தானே காத்துக்கொள்ள இயலாத இளம் பிள்ளையைக் கைவிட்டால், ஜீவனாம்சம் கொடுக்க வேண்டும். மணவாழ்வில் பிறந்த பிள்ளை, அதற்குப் புறம்பே பிறந்த பிள்ளை என்ற வேற்றுமை இதில் இல்லை. 1898ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 488ஆம் பிரிவு இதனை விதித்தது. 1973ஆம் ஆண்டுச் சட்டத்தில் அது 125ஆம் பிரிவாயிற்று. 2024 ஜூலை 1 முதல் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 144ஆம் பிரிவாக உள்ளது. எண் மாறிற்று, கடமை மாறவில்லை. தொடக்கத்தில் மாதம் 50 ரூபாய்க்கு மேல் வழங்க இயலாது. 2001ஆம் ஆண்டுத் திருத்தம் உச்சவரம்பையே நீக்கிவிட்டது.

ஒன்றைத் தெளிவாக உணர்தல் வேண்டும். மணமாகாத தாய்க்கென்று இப்பிரிவு தனியே தொகை எதுவும் அளிப்பதில்லை. உரிமை பிள்ளையுடையது; தாய் அதன் சார்பில் கேட்கின்றாள். ஆகவே, அவள் மீது ஊரார் சுமத்தும் பழி பிள்ளையின் உணவைப் பறிக்காது.

தந்தை மறுத்தால் என் செய்வது? பிறப்புச் சான்று, கடிதங்கள், இருவரும் சேர்ந்து வாழ்ந்ததைக் கண்ட அயலார் வாக்குமூலம் ஆகியவற்றை மாஜிஸ்டிரேட்டு ஆராய்வார். இரத்தச் சோதனையைக் கேட்டவுடனே வழங்கலாகாது, தக்க காரணம் வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1993இல் கூறிற்று. ஆனால், காரணம் வலுவாயின் மறுப்பு நில்லாது. முன்னாள் முதலமைச்சர் என். டி. திவாரியே தம் தந்தை என்று ரோகித் சேகர் 2008இல் தில்லி உயர் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தார். திவாரி நெடுநாள் மறுத்தார். 2012இல் இரத்த மாதிரி தர நேர்ந்தது. மரபணுச் சோதனை அவரே தந்தை எனக் காட்டிற்று. பதவிப் பெருமை அங்கே துணை வரவில்லை.

தந்தை வெளியூருக்குப் போய்விட்டாலும், தாயுடன் அவர் இறுதியாக வாழ்ந்த மாவட்டத்திலேயே வழக்குத் தொடரலாம். 1987ஆம் ஆண்டுச் சட்டப் பணிகள் ஆணையங்கள் சட்டத்தின்படி, வருமானம் எதுவாயினும் பெண்களுக்கு வழக்கறிஞர் உதவி இலவசம். எங்கள் மலைப்பகுதியினர் சேலத்திலுள்ள மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை நாடலாம். நீதிமன்ற ஆணைக்குப் பின்னும் தக்க காரணமின்றிச் செலுத்தாதவருக்கு, ஒவ்வொரு மாதப் பாக்கிக்கும் ஒரு மாதம் வரை சிறைத்தண்டனை விதிக்கலாம்.

மாணவச் செல்வங்களே, உங்கள் வகுப்பில் தந்தை பெயர் சொல்லத் தயங்கும் தோழன் ஒருவன் இருத்தல் கூடும். அவனை ஏளனம் செய்யாதீர்கள். அவன் தாய்க்கு இவ்வுரிமையை எடுத்துச் சொல்லுங்கள். நான் சொல்லத் தவறியதை நீங்கள் சொன்னால், அதுவே எனக்கு நிறைவு.