பெட்டியில் தூங்கும் ராஜா தலைப் பவுன்

1992-ம் ஆண்டு என் மூத்த மகள் கல்யாணத்துக்கு வளையல் செய்ய, அம்மா கொடுத்த ஏழு பழைய பவுன் காசுகளில் ஆறை உருக்கக் கொடுத்தேன். அவற்றில் என்ன வருஷம் பொறித்திருந்தது என்றுகூடப் பார்க்கவில்லை. நாணயம் சேர்க்கும் ஆசை பிறகு வந்தபோதுதான் என் தவறு உறைத்தது. நம் சங்கக் குடும்பங்களில் வேறு யாரும் அதைச் செய்யக் கூடாது என்றே இதை எழுதுகிறேன்.

நாம் சொல்லும் 'சவரன்', 'சாவரின்' என்ற ஆங்கிலத் தங்க நாணயத்தின் பெயர்தான். அதன் மதிப்பு ஒரு பவுண்டு. 'பவுன்' வந்தது அதிலிருந்து. நகைக்கடைப் பவுன் 8 கிராம். அசல் நாணயமோ 7.988 கிராம், 22 காரட்.

ஒரு பக்கம் அரசர் தலை. விக்டோரியா மகாராணிக்கு இளமை, நடுவயது, முதுமை என்று மூன்று முகங்கள் உண்டு. மறுபக்கம் பெரும்பாலும் குதிரைவீரன். குதிரையின் காலடியில் சிறகுள்ள பாம்பு போன்ற ஒரு மிருகம். புனித ஜார்ஜ் டிராகனைக் கொல்லும் காட்சி அது. நன்மை தீமையை வெல்கிறது என்பதன் உருவகம். பெனடெட்டோ பிஸ்ட்ருச்சி என்ற இத்தாலியர் வடித்து, 1817-ல் முதலில் வெளிவந்தது.

இனி மும்பைவாசிகளான நமக்கு உரிய செய்தி. முதல் உலகப் போர்க் காலத்தில் லண்டன் நாணயச்சாலையின் கிளை ஒன்று இங்கே திறக்கப்பட்டது. 1918 என்ற ஒரே வருஷத்தைப் பொறித்து சுமார் 13 லட்சம் காசுகள் அடித்தார்கள். ஐந்தாம் ஜார்ஜ் காசைத் திருப்பி, குதிரைக்குக் கீழே, வருஷத்துக்குச் சற்று மேலே தரைக்கோட்டைப் பூதக்கண்ணாடியால் பாருங்கள். 'ஐ' என்ற ஆங்கில எழுத்து இருந்தால் அது பம்பாய்க் காசு. 'எம்' மெல்போர்ன், 'எஸ்' சிட்னி, 'பி' பெர்த். எழுத்தே இல்லாவிட்டால் லண்டன்.

சேர்க்க விரும்புவோர் கவனிக்க வேண்டியவை சில. பூந்திக்கொட்டை போட்டுத் தேய்க்காதீர்கள்; மெருகேற்றினால் நுணுக்கம் தேயும். வளையம் பற்றவைத்த காசுக்குச் சேகரிப்பாளரிடம் மதிப்புக் குறைவு. போலிகளும் ஏராளம், நல்ல தங்கத்திலேயே செய்த போலிகள் உண்டு என்பதால், உரைத்துப் பார்த்தால் மட்டும் போதாது. எடையோடு குறுக்களவும் (22.05 மில்லிமீட்டர்) எழுத்துகளின் கூர்மையும் பார்க்க வேண்டும். நூறு ஆண்டு கடந்த காசு 1972-ம் ஆண்டுச் சட்டப்படி தொல்பொருள். வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளுக்கு அனுமதியின்றிக் கொடுத்தனுப்பக் கூடாது.

என்னிடம் மிஞ்சியது 1911-ம் வருஷத்து லண்டன் காசு ஒன்று. சாதாரணமானதுதான். உருகிப்போன ஆறில் பம்பாய்க் காசு இருந்ததா என்பது இனி யாருக்கும் தெரியாது. உங்கள் வீட்டுப் பெட்டியை இந்த ஞாயிற்றுக்கிழமை ஒருமுறை திறந்து பாருங்களேன்.